கூடல் நகரின் உணவுச்சாலைகள்

பசி நேரம் பார்த்து வருவதில்லை. வழிநடந்து களைத்தவனுக்கு நள்ளிரவிலும் பசிக்கும். மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு விடியுமுன்னரே பசிக்கும். அத்தகையோர் கையில் சில காசுகளே இருத்தல் கூடும். அவர்க்கும் இலை போட்டு இன்முகத்தோடு உணவு படைக்கும் ஊரே பெருநகர் என்னும் பெயருக்குத் தகுதியுடையது. இவ்வாறு எண்ணும்போது என் நினைவில் முதற்கண் தோன்றுவது மதுரை மாநகரேயாகும்.

மதுரை, திருக்கோயிலை நடுவாகக் கொண்டு அமைந்த நகரம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்னும் பெயர் பெற்ற வீதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்ந்துள்ளன. பசியோடு அங்கு வருபவன் உணவைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மணமே அவனுக்கு வழிகாட்டும்.

இந்நகரைத் 'தூங்கா நகரம்' என்று வழங்குவர். இவ்வியல்பு மிகப் பழமையானது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் ஆகிய நெடும்பாட்டு. பகலில் கூடும் நாளங்காடியையும் மாலையில் கூடும் அல்லங்காடியையும் அப்பாட்டு நம் கண்முன் நிறுத்துகின்றது. அப்பம் விற்கும் கூவியர், இரவு நெடுநேரம் சென்ற பின்னும் தம் பண்டங்களை விட்டகலாமல் இருந்தபடியே உறங்கும் காட்சியும் அதில் உண்டு. நான் தமிழ் பயிலும் பொருட்டு இளமையில் மதுரையில் தங்கியிருந்தேன். அப்பகுதியைப் பாடம் கேட்ட அன்றிரவு மாசி வீதி வழியே நடந்து சென்றபோது, பணியாரக் கடை ஒன்றின் அடுப்பருகே முதியவர் ஒருவர் அமர்ந்தவாறே கண்ணயர்ந்திருந்தார். ஏட்டிற் கண்ட கூவியரை வீதியிலும் கண்டேன்.

மதுரையில் வைகறைப் பொழுதிற்கு உரியது இட்டலி. துணி விரித்த தட்டிலிருந்து எடுத்து, ஆவி பறக்க இலையில் இடுவர். வெண்மையும் பச்சையும் செம்மையுமாகச் சட்னி வகைகள் அதனைச் சூழ்ந்து நிற்கும். பருத்திப்பால் என்பது இந்நகருக்குச் சிறப்பான மற்றொரு பண்டம். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் கூட்டிக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் சேர்ப்பர். உடல் உழைப்பாளர்க்கு அது குடிநீருமாகும், உணவுமாகும்.

நண்பகலில் வாழையிலைச் சோறு. புலால் உண்பார்க்குக் கறிக்குழம்பும் கறிதோசையும் உண்டு. மாலையில், முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிய பசிய வடை எண்ணெயில் பொங்கி எழும். வெயிலால் வாடியவர்க்கு ஜிகர்தண்டா உண்டு. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, பனிக்கூழ் ஆகியவற்றைக் கலந்து அதனை அளிப்பர். 'ஜிகர்' ஈரலையும் நெஞ்சையும் குறிக்கும் பாரசீகச் சொல். 'தண்டா' குளிர்ச்சியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். பிற மொழியாளர் பலர் வந்து கலந்து வாழ்ந்த நகரம் இது என்பதற்கு அப்பெயரே சான்று. இரவில் கொத்துப் பரோட்டா கொத்தும் ஓசை தெருவெங்கும் தாளம் போல் ஒலிக்கும்.

சித்திரைத் திருவிழாக் காலத்தில் காசின்றியே தாகம் தீரும். கள்ளழகர் வைகையாற்றில் இறங்கும் காட்சியைக் காண வருவோர்க்கு நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்கள் வழிநெடுகக் காணப்படும்.

மாணவர்களே, இதுகாறும் கூறியவை நாவிற்கு இன்பம் தருவன. நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உணவு விடுதியின் கதவு எல்லார்க்கும் எக்காலத்தும் திறந்திருந்ததா?

என் தந்தையார் இளமையில் நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் செல்வார். வழியில் இருந்த விடுதி ஒன்றில் அவருக்குப் பின்புறத் திண்ணையில்தான் உணவு. தண்ணீரைக் குவளையில் கொடார், கைகளில் ஊற்றுவர். "நான் கொடுத்த காசை உள்ளே கொண்டு போனார்கள், என்னை உள்ளே விடவில்லை" என்று அவர் ஒருமுறை கூறினார். வேறொன்றும் கூறவில்லை.

அந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தடுக்கப்பட்டிருந்த மக்கள் மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் நுழைந்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம் முதலியன காட்டி எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடைப்பிடிப்போர்க்குத் தண்டனை வகுத்தது.

1978ஆம் ஆண்டில் தந்தையார் என்னைக் காண மதுரைக்கு வந்தார். இருவரும் சிற்றுண்டிச்சாலை ஒன்றினுள் சென்று அமர்ந்தோம். எங்கள் எதிரே சுமை தூக்குபவர் ஒருவரும், அவரருகே கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர் ஒருவரும் உண்டுகொண்டிருந்தனர். இலையில் இட்டலி வந்த பின்னும் தந்தையார் அதனைத் தொடாமல் மேசைகளை ஒவ்வொன்றாக நோக்கினார். "எல்லார்க்கும் ஒரே குவளை" என்று மெல்லக் கூறிவிட்டு உண்ணத் தொடங்கினார்.

பசித்தவரைப் பேணும் கடமை அரசுக்கும் உண்டு. 2002இல் தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கியது. 2013இல் முதலிற் சென்னையிலும், பின்னர் மதுரை முதலிய நகரங்களிலும் தோன்றிய மலிவு விலை உணவகங்களில், தொடக்கத்தில் ஓர் இட்டலி ஒரு ரூபாய்க்கு வழங்கப்பட்டது. காசு குறைந்தவரும் மானம் குன்றாமல் உண்பதற்கு இவை துணை செய்தன.

நீங்கள் உணவு விடுதிக்குச் செல்லும்போது சுவையை மட்டும் நோக்காதீர்கள். இலையில் வீணாக எதனையும் எறியாதீர்கள். மேசை துடைப்பவரை மரியாதையோடு அழையுங்கள். அருகே வந்து அமர்பவர் யார் என்று ஆராயாமல் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். ஒருவருக்கு ஒரு குவளையும் மற்றவருக்கு வேறு குவளையும் வைக்கும் கொடுமையை எங்கேனும் கண்டால், அது குற்றம் என்று அஞ்சாது கூறுங்கள். பலரும் ஒருங்கிருந்து ஒரே பந்தியில் உண்ணும் இடத்திலேதான் உணவு விருந்தாகின்றது.