எட்டாயிரம் வெள்ளிக் கழிவும் என் அத்தையும்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் 2001இல் திறந்தது. அதற்கு முன்னால் அது ரயில் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் அனுப்புகிற யார்டு. தாத்தா வேலை பார்த்த இடம். இன்று அதே இடத்தில் கிள்ளான் கொம்யூட்டருக்குக் காத்து நிற்கிறோம். அறுபது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம். அடையாள அட்டையை எடுத்து நீட்டும் வரிசையில் இப்போது அத்தையும் சேர்ந்துவிட்டாள். அத்தைக்கு வயதாகும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை.

தாத்தா ரிட்டயர் ஆனதும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்சைக் காலி செய்து கிள்ளானுக்குப் போனார்கள். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற புக்கிட் ராஜா வீட்டுமனையானது. இன்னும் எத்தனையோ தோட்டங்கள் அப்படிப் போயின. லயத்தில் தரையோடு தரையாக வாழ்ந்தவர்களுக்கு வயதான காலத்தில் மாடிப்படி. கீழ்வீட்டுப் பாட்டி கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்குப் பக்திக் குறைவு காரணமில்லை, முழங்கால்தான் காரணம். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கைலியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, நாலு பேர் இறக்கினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மருத்துவ அப்பாயின்மெண்டுக்கும் அந்த நாற்காலிதான்.

அத்தை ஷா ஆலமில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். ஆகவே வேலையை விட்டவள் அவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்குக் குடும்பம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம், அவளும் சொன்னாள்.

அந்தக் கைலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பழைய கைலியை நாலாக மடித்துத் தாத்தாவின் இடுப்புக்கடியில் குறுக்காகப் போட்டிருப்பாள். குனிந்து, எதிர்ப்பக்க ஓரத்தைப் பற்றித் தன் பக்கம் இழுப்பாள். தூக்க முடியாத உடம்பு தானாக ஒருக்களித்துத் திரும்பும். சட்டென்று கட்டிலைச் சுற்றிப் போய் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கடிகாரம் பார்க்கமாட்டாள். மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டே இருக்கும், செய்தி வருவதை வைத்துக் கணக்கு. ராத்திரியில் எதை வைத்து எழுந்தாளோ, கேட்டதில்லை. கிளினிக்கிலிருந்து வந்த தாதி முதுகைப் பார்த்துவிட்டு, ஒரு புண்கூட இல்லையே, எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டாள். அத்தை சிரித்துவிட்டு மைலோ கலக்கப் போனாள்.

முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று அப்பா விசாரித்ததுண்டு. கிள்ளானில் பங்களா வீடுகளுக்குள் நடக்கிற தனியார் இல்லங்கள். தாத்தாவின் பென்ஷன் அந்தக் கட்டணத்துக்குப் போதாது. அரசாங்கத்தின் முதியோர் இல்லமான ரூமா செரி கெனாங்கான் உண்டு. அதில் சேர 60 வயதாகியிருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளச் சொந்தம் இருக்கக் கூடாது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தெம்பும் வேண்டும். படுத்தவருக்கு அங்கே இடமில்லை. தீரா நோயாளிகளுக்கான ரூமா ஏசான் கோலகுபுபாருவிலும் டுங்கூனிலும் என்று நாட்டுக்கே இரண்டு. அதுவும் ஆதரவற்றவர்களுக்கு. அத்தை என்று ஒருத்தி இருந்ததால் தாத்தா எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

கொள்கை இல்லாமல் இல்லை. முதியோருக்கான தேசியக் கொள்கை 1995லேயே வந்து 2011இல் திருத்தப்பட்டது. பராமரிப்பு நிலையங்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம், சமூகநலத்துறையின் கையில். தாதிமைப் பராமரிப்பு தரும் தனியார் இல்லங்களுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதார அமைச்சின் கையில். இரண்டுமே கட்டடத்துக்குள் நடப்பதைப் பற்றியவை. நாலாவது மாடிக் கட்டில் இரண்டின் கண்ணிலும் படாது.

படுத்த படுக்கையானவரைப் பராமரிக்க சமூகநலத்துறை உதவித்தொகை தருவது உண்மை. 2021 பட்ஜெட்டில் அது 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. ஆனால் வருமான வரம்பு உண்டு. பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் கழிவு உண்டு. முன்பு 5,000 வெள்ளி, இப்போது 8,000. இந்தக் கழிவு யாருக்குக் கிடைக்கும்? சம்பளம் வாங்கி வரி கட்டுகிற மகனுக்கு. மருத்துவச் செலவுக்குக் காசு கொடுத்தவர் ரசீதை எடுத்துவைக்கலாம். வேலையை விட்டு வந்து கைலியை இழுத்தவளுக்கு வரியே இல்லை, எதிலிருந்து கழிப்பது? என் அப்பா நல்ல மகன்தான். மாதாமாதம் தவறாமல் கொடுத்தார், முறைப்படி கழித்தும் கொண்டார். சட்டம் அவரைத்தான் பராமரிப்பவராகப் பார்த்தது.

சிங்கப்பூரில் 2020இல் கேர்ஷீல்டு லைஃப் வந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைத் தானே செய்ய முடியாவிட்டால் மாதாமாதம் பணம். அதுவும் நோயாளியின் பெயரில்தான். ஜெர்மனி இன்னும் ஓர் அடி போயிருக்கிறது. 1995இல் தொடங்கிய அவர்களுடைய பராமரிப்புக் காப்புறுதி, வீட்டில் வைத்துப் பார்க்கும் மகளோ மருமகளோ வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் அதற்காகச் செலவிட்டால், அவளுடைய ஓய்வூதியக் கணக்கில் சந்தா கட்டுகிறது. நம் பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை. நம்மவர்கள் பேசுவது பாசத்தைப் பற்றி.

தாத்தா போன மாதத்தோடு பென்ஷன் நின்றது. அத்தையின் இபிஎஃப் சேமநிதி வேலையை விட்ட வருடத்துத் தொகையோடு வட்டியில் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்தில் எடுத்தாள். வீட்டுக் கூரை, கொஞ்சம் பல் வைத்தியம், தீர்ந்தது. இன்று அவளுக்கு முழங்கால் வலி. மாடி அதே நாலாவது. கட்டில் அதேதான், அவள் படுத்தால் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்து இழுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

இந்நாட்டில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் 65ஐத் தாண்டிவிட்டார்கள். இல்லங்கள் இன்னும் வேண்டும், மாடிகளுக்கு லிஃப்டும் வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக, பராமரிப்புக்காக வேலையை விட்டவளின் பெயரிலேயே உதவித்தொகையும் இபிஎஃப் சந்தாவும் போகட்டும். கழிவை மட்டும் உயர்த்திக்கொண்டே போவது அண்ணன் தம்பிகளுக்கான கொள்கை. அரசு அதைச் செய்யும்வரை ஒரு வழி இருக்கிறது. நிலையான வருமானம் இல்லாதவர்களுக்காக இபிஎஃப்பில் ஐ-சாரான் திட்டம் உண்டு. 60 வயதுக்குள் கட்டினால் அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. உங்கள் வீட்டில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ தங்கையோ இருந்தால், இந்த வருடம் வரியில் மிச்சமானதை எடுத்து அவள் பெயரில் கட்டுங்கள்.