உறைபனியும் ஒரு மழலையும்

கல்லூரியன்னையின் மடியில் வளர்ந்த நாம் இன்று சுவிற்சர்லாந்தில் வாழ்கின்றோம். பத்துத் திங்கள் நிரம்பிய மகளுடன் பனிச்சறுக்கு விடுமுறைக்குச் செல்ல எண்ணியபோது முதலில் நினைவிலெழுந்தது சேர்மற் நகரே. ஆயின் அங்குச் சறுக்குநிலங்கள் 3,800 மீற்றருக்கும் மேலே உயர்வன. அவ்வுயரத்துக்கு மழலையைக் கொண்டுசெல்லல் தகாது. கீழே விட்டுச்சென்றாலோ பசித்தழும்போது விரைந்து திரும்புதல் அரிது. ஆதலின் 1,274 மீற்றர் உயரத்திலுள்ள வெங்கன் என்னும் சிற்றூரைத் தெரிந்தோம். பற்சக்கரப் புகையிரதத்திலேயே அங்குச் செல்லல் வேண்டும். வீதிகளில் மோட்டார் வண்டித் தொல்லையில்லை. மலையேறுங்கால் காதடைப்பு நீங்கப் பாலூட்டுதல் நன்றென்றும் குறித்துக்கொண்டோம்.

எஞ்சியது ஒரு வினா: பிள்ளையை யார் பார்ப்பது?

“முதுகிலே கட்டிக்கொண்டு சறுக்கலாமே” என்றோம்.

“சறுக்குகிற உங்களுக்கு உடம்பு சூடேறும், அசையாமலிருக்கிற பிள்ளை விறைத்துப்போகும். அதுபோக, விழமாட்டீர்களென்று எழுதித் தருவீர்களோ?” என்றார் இல்லாள்.

வாய் திறந்திலோம்.

அப்பொழுது கல்லூரி மைதானத்து அஞ்சலோட்டம் நினைவுக்கு வந்தது. முற்பகல் அவர் சறுக்குவார், பிற்பகல் நாம். கோலுக்குப் பதிலாகக் கைமாறுவது குழந்தை. அன்று கோலை நழுவவிட்டு எமது இல்லத்தின் வெற்றியைப் பறிகொடுத்தவர் நாமே. பழைய தோழர்கள் அதனை மறந்திரார். இம்முறை நழுவவிடோம்.