குடம் உடையுமா?

நம் மன்றத்து இதழுக்கு அறிவியல் கட்டுரை ஒன்று தருவதாக ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நான் உயிர்வேதியியல் பயிலும் முதுகலை மாணவன். ஊட்டச்சத்தைப் பற்றியோ நொதிகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். ஆனால் ஆண்பிள்ளைகள் பேசத் தயங்கும் ஒரு செய்தியை எழுத வந்திருக்கிறேன். பெண் நண்பர்கள் பிழையிருப்பின் பொறுத்தருள்க. ஆண் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படித்தருள்க.

என் அக்கா இங்கே கட்கியில் குடியிருக்கிறாள். அத்தானுக்குத் தொழிற்சாலையில் வேலை. நெல்லைச் சீமையை விட்டுப் புனே வந்த எனக்கு, ஞாயிறுதோறும் சோறும் புளிக்குழம்பும் கிடைக்கும் இடம் அந்த மூன்றாம் மாடி வீடுதான். சென்ற கோடையில் அக்கா இரண்டாம் முறையாகப் பிள்ளையுண்டாகி இருந்தாள். ஒரு ஞாயிறன்று இலை எடுத்த கையோடு என்னிடம் கேட்டாள்:

"தம்பி, நீ படித்தவன்தானே? இந்தப் பிள்ளையை நான் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறேன். பனிக்குடம் தானாக உடையாவிட்டால் என்ன செய்வது? அதை மட்டும் பார்த்துச் சொல்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா அடுக்களையிலிருந்து, "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிள்ளை பெற்று, இரத்தப்போக்கு நிற்காமல் ஓர் இளந்தாய் இறந்துபோன செய்தியை அம்மா இன்னும் மறக்கவில்லை. அக்காவின் ஆசையும் ஊரோடு ஒத்த ஆசையன்று. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. மராட்டியத்திலும் அது 94-க்கு மேல்.

அக்கா ஏன் அப்படி முடிவு செய்தாள் என்பதை அன்றுதான் அறிந்தேன். தலைப்பிரசவத்தின்போது, வலி நன்றாக எடுத்தும் குடம் உடையவில்லை. மருத்துவமனையில் யாரோ ஒருவர் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், கொக்கி போன்ற கருவியால் அதைக் கிழித்துவிட்டுப் போனாராம். "என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், தம்பி. பதிலே இல்லை. நான் அங்கே இல்லாதது போல இருந்தது" என்றாள். பிள்ளை நலமாகத்தான் பிறந்தான். ஆனால் அந்த மௌனம் நான்கு ஆண்டுகளாக அவளுக்குள் ஆறாமல் இருந்திருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் நூலகத்தில் கிடந்தேன். படித்தது இது. பனிக்குடம் என்பது ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய சவ்வுகள். அவற்றுக்கு வலிமை தருவது, நம் தோலையும் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரதம். முப்பத்து நான்காம் வாரத்தையொட்டி உள்ளே ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் நீர் இருக்கும். நாள் நெருங்க நெருங்க, கருப்பை வாயை ஒட்டிய பகுதியில் அந்தப் புரதப் பின்னல் தளர்கிறது. திரைப்படங்களில் குடம் உடைந்த பிறகே வலி வரும். மெய்வாழ்வில் நிறைமாதத் தாய்மாருள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் வலிக்கு முன் நீர் உடைகிறது. மற்றவர்க்கெல்லாம் வலியின் நடுவிலோ கடைசியிலோதான். அரிதாகச் சில பிள்ளைகள் குடத்தோடேயே பிறப்பதும் உண்டு. உடனே சவ்வை விலக்கினால் பிள்ளை மூச்சு விட்டு அழும்.

காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஒன்றும் கிடைத்தது. 2013-இல் வந்தது. 15 ஆய்வுகளில் 5,583 பெண்களைக் கணக்கில் எடுத்தது. தானாகத் தொடங்கிய வலியில், வழக்கம் என்பதற்காகக் குடத்தை உடைப்பதால் வலிநேரம் குறைவதாகத் தெரியவில்லை, ஆகவே எல்லார்க்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை என்பது அதன் முடிவு.

எனக்கு ஒரே பெருமிதம். அடுத்த ஞாயிறு தாளும் கையுமாகப் போய், "அக்கா, குடம் உடையாவிட்டாலும் அச்சமில்லை. நீ வீட்டிலேயே இருக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அக்கா என் தலையைத் தடவினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னதில் முதற்பாதி உண்மை, பின்பாதி அறியாமை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் கீழ்வீட்டு அம்மையார். பிரசவ அறையில் முப்பது ஆண்டு பணி செய்து ஓய்வு பெற்ற மராத்தியச் செவிலியர். எல்லாரும் அவரைத் 'தாயி' என்பார்கள். மராத்தியில் அதற்கு 'அக்கா' என்று பொருள். நம் காதுக்கோ அது தாயாகவே கேட்கும். அக்கா வீட்டுப் பேற்றுக்குத் துணையாக அவரையே நம்பியிருந்தாள். அவர் என் தாளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்:

"குடத்தைப் பற்றி நீ படித்ததெல்லாம் சரி, மகனே. ஒன்று சேர்த்துக்கொள். வீட்டில் யாரும் அதைக் குத்தி உடைக்கக் கூடாது. தலை இறங்காமல் மேலே நிற்கும்போது நீர் உடைந்தால், தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்து பிள்ளைக்கு இரத்தம் நின்றுபோகும். நீர் பச்சையாக வந்தால் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எல்லாரும் பிள்ளை பிறக்கும் வரைதான் நினைக்கிறீர்கள். பிறந்த பிறகு என்ன என்று யாராவது கேட்டீர்களா?"

நான் கேட்கவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தபின் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த வழிகள் அடைபடும். சுருங்காவிட்டால்? ஆக்சிடோசின் ஊசி வேண்டும். அதை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். இதில் எது அந்த மூன்றாம் மாடியில் இருக்கிறது?

அன்றிரவு கைக்கடிகாரத்தோடு ஆட்டோவில் ஏறினேன். அக்கா வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நள்ளிரவில் 11 நிமிடம். மறுநாள் மாலை ஆறரைக்கு, மழையில், 38 நிமிடம். படியிறங்கும் நேரம் தனி. 38-ஐ அரை லிட்டரால் பெருக்கிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நண்பர்களே, நாம் படிக்க வந்த இந்தப் புனே நகரம் ஆனந்திபாய் ஜோஷி வாழ்ந்து மறைந்த ஊர். அவர் 1865-இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பெற்ற ஆண்குழந்தை பத்து நாளில் இறந்தது. அந்தத் துயரமே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்கள் தேவை என்று 1883-இல் செராம்பூரில் பேசிவிட்டுக் கப்பலேறினார். 1886-இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றார். அவர் எழுதிய ஆய்வுரையே நம் நாட்டுப் பழைய பேறுகால மருத்துவம் பற்றியதுதான். 1887 பிப்ரவரியில், மருத்துவத் தொழிலைத் தொடங்குமுன்பே, இருபத்தொரு வயதில் இவ்வூரில் கண்மூடினார். அவரை எண்ணும்போது அக்காவின் பேச்சு எனக்குப் புதிதாக விளங்கிற்று. அக்கா உண்மையில் கேட்டது வீட்டை அன்று. கேட்டால் பதில் சொல்லும் ஒரு மனிதரைத்தான் கேட்டாள்.

மறு ஞாயிறு என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "அக்கா, நான் பாதி படித்துவிட்டுப் பேசினேன்" என்று சொல்ல நாக்கு கூசியது. அவள் அழுதாள். பிறகு நால்வரும் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினோம். வலியின் தொடக்க நேரத்தை வீட்டில், தாயியின் துணையோடு கழிப்பது. நீர் உடைந்தாலோ, வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானாலோ புறப்படுவது. மாலை நெரிசல் வேளையாயின் அதற்கு முன்பே. வண்டிக்காரர் இருவரின் எண்கள் சுவரில். முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு, "காரணம் இருந்தால் உடையுங்கள், ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று கேட்பது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டியும், தாய்க்கு விளக்கிச் சொல்லி அவள் இசைவு பெற்றே எதையும் செய்யவேண்டும் என்றுதான் கூறுகிறது. அந்தப் பெண் மருத்துவர் அக்கா பேசுவதை முழுதும் கேட்டார். "நியாயந்தானே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான்கு ஆண்டுகள்!

ஆடி மாதத்து அடைமழை இரவில் வலி கண்டது. நல்லவேளை, சாலை வெறிச்சோடிக் கிடந்தது. குடம் உடையவில்லை. மருத்துவர் பிள்ளையின் நாடித்துடிப்பைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது, காத்திருப்போம்" என்றாராம். தலை வெளிவரும் தறுவாயில் குடம் தானே உடைந்தது. விடியுமுன் பெண்குழந்தை பிறந்தது. அம்மா வெளியே வந்து எங்களுக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதன்பின்தான் உள்ளே காலடிகள் விரைந்தன. கருப்பை சுருங்கவில்லை. நாங்கள் மாதக்கணக்காக அஞ்சியது நடக்கவில்லை. ஒருவரும் அஞ்சாதது நடந்தது. ஊசிமேல் ஊசி, ஒரு புட்டி இரத்தம், ஒன்றரை மணி நேரம். அத்தான் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டாம் நிமிடம் வந்தது, போயிற்று. என் முதல் தீர்ப்பின்படி நடந்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் எங்கே இருந்திருப்போம் என்று எண்ணி என் கால்கள் நடுங்கின.

காலையில் அக்காவைப் பார்க்க விட்டார்கள். வெளிறிப்போயிருந்தாள். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு அருகில் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"அவ்வளவு அவசரத்திலும், ஊசி போடுமுன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள், தம்பி."