பரணில் வற்றிக் கிடந்த தொட்டி



லண்டனின் வடமேற்குப் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1930களில் கட்டப்பட்டது. பாய்லர் அத்தனை பழையதன்று. ஆயினும் இக்காலத்து வகையும் அன்று. அது சூடாக்கும் நீர் இரு கிளைகளாகப் பிரிந்து சுற்றி வருகிறது. ஒரு கிளை அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்குச் செல்லும். மற்றொன்று மாடியில் நிற்கும் செம்பு உருளைக்குள் சுருண்டிருக்கும் குழாய்க்குச் செல்லும். அந்தச் சுருளின் சூட்டில்தான் உருளையில் உள்ள நீர் காய்ந்து, நாங்கள் உளூச் செய்யும் குழாய்க்கு வருகிறது. நடுவழியில் காற்று அடைத்துக்கொண்டால், பாய்லர் எவ்வளவு எரிந்தாலும் சூடு போய்ச் சேராது.

சென்ற நவம்பரில் முதலில் சத்தம்தான் கேட்டது. சுவருக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதைப் போன்ற ஓசை. காயல்பட்டினத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியிருக்கும் உம்மா, "வீட்டுக்கு வாயுத் தொல்லை போலிருக்கிறதே வாப்பா" என்றார்கள். உண்மையும் அதுவே. ரேடியேட்டரின் அடிப்பகுதி சுட்டு, மேற்பகுதி குளிர்ந்திருந்தால் மேலே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள்.

அதற்குரிய வைத்தியம் எளிது. பாய்லரை நிறுத்தி ஆறவிட வேண்டும். கீழ்த்தளத்தில் தொடங்கி, ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல் மூலையிலும் உள்ள சிறு திருகைப் பித்தளைச் சாவியால் கால் சுற்று இடப்புறமாகத் திருப்ப வேண்டும். உஸ்ஸென்று காற்று வெளியேறி, நீர் துளிர்த்ததும் மூடிவிட வேண்டும். கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரும் நீர் மை போல் கறுத்திருக்கும், தரைவிரிப்பில் பட்டால் எளிதில் போகாது. நெருப்பை அருகில் கொண்டுசெல்லாதீர்கள். உள்ளே இரும்பு அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாவதும் உண்டு.

இதைக் கற்றுக்கொண்டதில் எங்களுக்குச் சற்றுப் பெருமிதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் சாவியும் துணியுமாக வீட்டை வலம் வருவோம். டிசம்பர் முழுவதும் அவ்வாறே கழிந்தது. வெளியேற்றிய காற்று வாரந்தோறும் மீண்டும் எங்கிருந்து வருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரியில் மாடி ரேடியேட்டர்கள் முற்றிலும் குளிர்ந்தன. குழாயில் வெந்நீரும் நின்றது. வந்து பார்த்த ஒரு பணியாளர், பாய்லரையே மாற்றுங்கள் என்று எங்களால் இயலாத ஒரு தொகையைச் சொல்லிச் சென்றார். மாத இறுதிவரை பொறுப்போம் என்று இருந்துவிட்டோம்.

நாங்கள் கணவனும் மனைவியும் மாலை மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள். அந்த வாரம் ஒரு சிறுவன், "வீட்டில் வெந்நீர் வராவிட்டால் தயம்மும் செய்யலாமா?" என்று கேட்டான். கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுவித்ததையும், அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் சொன்னோம். ஆயினும் தண்ணீரைக் காய்ச்ச வழியிருக்கும்போது அந்தச் சலுகை இல்லை என்றும் விளக்கினோம். அழகாகவே விளக்கினோம்.

மறுநாள் விடியுமுன் சமையலறையில் விளக்கு எரிந்தது. தஹஜ்ஜுத்துக்கு எழுந்த உம்மா, பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிநீரை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். வயது எழுபத்து நான்கு. இரு முழங்கால்களிலும் வாதம். பதினோரு நாட்களாக இப்படித்தானாம். "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றார்கள். பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கியபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அன்று காலையே, இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற குழாய்ப் பணியாளரிடம் போய் நின்றோம். ஆங்கிலேயர், எண்பதை நெருங்கியவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "பரணில் ஏறிப் பார்த்தீர்களா?"

குடிவந்த நாள் முதல் நாங்கள் பரணில் ஏறியதே இல்லை.

அங்கே இரண்டு தொட்டிகள் இருந்தன. பெரியது குழாய்களுக்கு. சிறியது பாய்லரின் சுற்றுக்கு நீர் கொடுப்பது. சிறிய தொட்டி காய்ந்து கிடந்தது. மிதவைப் பந்தின் கை சுண்ணாம்பு படிந்து, உயர்ந்த நிலையிலேயே இறுகியிருந்தது. நீர் வரும் வழி அடைபட்டுவிட்டது. நாங்கள் கீழே காற்றைத் திறந்துவிட்ட ஒவ்வொரு முறையும், அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து நீர் இறங்கியிருக்கிறது. தொட்டி வற்றிய பின் காற்றே இறங்கியிருக்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமை வைத்தியமே நோயை வளர்த்திருந்தது.

அவர் பாய்லரின் மூடியைத் தொடவில்லை. இந்நாட்டில் எரிவாயுச் சாதனத்தில் கைவைக்க 'கேஸ் சேஃப்' பதிவு வேண்டும், தம் பதிவு முடிந்துவிட்டது என்றார். பந்தின் கையைப் பலமுறை அசைத்து, தூரிகையால் சுண்ணாம்பைத் தேய்த்து எடுத்ததும் நீர் பாய்ந்தது. நான்கு விரற்கடை உயரத்தில் நிற்குமாறு சரிசெய்தார். சூடேறினால் நீர் விரிந்து மேலேறும், அதற்கு இடம் வேண்டுமாம். துரு அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் அத்தொட்டியிலேயே ஊற்றினார். பிறகு கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறந்தோம். இறுதியில் உருளையருகே உள்ள திருகைத் திறந்தபோது நெடுநேரம் காற்றுச் சீறியது. பின் கறுப்பு நீர் தெறித்தது. பாய்லரை இயக்கிக் குழாயின்மேல் கைவைத்துக் காத்திருந்தோம். மெல்லச் சூடு ஏறியது. அல்ஹம்துலில்லாஹ்.

கூலி வேண்டாம் என்றவர், உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தை மறுக்கவில்லை.

அன்றிரவு இஷாவுக்கு உம்மா உளூச் செய்யும்போது வாசலில் நின்றிருந்தோம். கால்களைக் கழுவி முடித்துக் குழாயை இறுக மூடினார்கள். "அந்தப் பாத்திரத்தைப் பாலுக்கே வைத்துவிடுங்கள்" என்றார்கள்.