பழைய அரம்

குறிஞ்சாக்கேணி என்றதும் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்த செய்தியே பலருக்கும் நினைவில் எழும். எனக்கு அதனுடன் ஒரு கொல்லுப்பட்டறையும் நினைவுக்கு வரும். ஆழிப்பேரலை கிண்ணியாவைச் சூறையாடிச் சில வாரங்கள் கழித்து, 2005இன் தொடக்கத்தில், செய்தி சேகரிக்கச் சென்றபோது அங்கே ஒரு முதிய கொல்லரைக் கண்டேன். உலை மூட்ட அவர் நெருப்புப் பெட்டியைத் தேடவில்லை. வெள்ளைக் கல்லொன்றின் கூரிய விளிம்பை வளைந்த இரும்புத் துண்டில் உரசித் தட்டினார். தெறித்த பொறி கருக்கிய துணியில் விழுந்து கனன்றது.

"காக்கா, இதற்கு எந்த இரும்பும் சரிவருமா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பேரலை வந்த இரவு, மேட்டுநிலத்தில் ஒதுங்கிய அவருடைய குடும்பத்தாரிடம் நெருப்புக் குச்சிகள் யாவும் நனைந்துபோயிருந்தன. தகர டப்பாவில் இறுக மூடியிருந்த கருக்கிய துணி நனையவில்லை. கல்லும் இருந்தது. இரும்புதான் கைவிட்டது. பல காலத்துக்கு முன் கட்டடக் கம்பியொன்றை வளைத்து அவர் செய்துகொடுத்தது அது. பேரக்குழந்தை விடியும்வரை குளிரில் இருமிக்கொண்டே கிடந்ததாம்.

"கையில கிடைச்சதை அடிச்சுக் குடுத்தன், தம்பி. அது என்ட பிழை."

அதன்பின் அவர் தம் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக் காட்டினார். கட்டடக் கம்பியில் கரி மிகக் குறைவு. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. கல் பட்டால் நசியுமே தவிரச் சிராய் பறக்காது. பொறி என்பதே கல் செதுக்கியெடுக்கும் உருக்குத் துணுக்கு காற்றில் எரிவதுதான். லொறி வில்லுத் தகடு பரவாயில்லை. எல்லாவற்றிலும் மேலானது பழைய அரம். நூற்றுக்கு ஒரு பங்களவு கரி கொண்டது. ஆயினும் மலிவான அரங்கள் சில மேற்தோல் மட்டும் கடினமானவை. தேய்த்தால் உள்ளே வெறும் இரும்பு. ஐயம் வந்தால் கையால் சுற்றும் சாணைக்கல்லில் பிடித்துப் பார்ப்பார். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகப் போகும். நல்ல உருக்கின் பொறியோ பூவாகக் கிளைத்து வெடிக்கும்.

எனக்காக எடுத்தது, திருகோணமலை டொக்யார்ட்டில் வேலைபார்த்த அவருடைய வாப்பாவின் அரம். பிரித்தானியர் 1957இல் அத்தளத்தைக் கையளிக்கும் முன் கிடைத்ததாம். வேண்டாமென்றேன், கேட்கவில்லை. விரிசல் தொடங்கும் இடமென்று பற்களை முழுதும் தேய்த்தெடுத்தார். செந்தழலில் வளைத்தார். மறுபடி காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலையையும் சற்றுக் கடந்தபின் எண்ணெயில் தோய்த்தார். நீரில் தோய்த்தால் மெல்லிய அரம் வெடித்துவிடுமாம். இறுதியில் இன்னொரு அரத்தால் ராவிப் பார்த்தார். அது பற்றாமல் வழுக்கியது. அப்போதுதான் முகம் மலர்ந்தது.

1942இல் ஜப்பானியர் குண்டு வீசிய சாகயிங் கப்பலை 2018இல் கடற்படையினர் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியிலிருந்து மிதக்கவிட்டபோது, அத்தனை இரும்பையும் பார்த்து அவரைத்தான் நினைத்தேன். கப்பல் தகடு வளைந்து கொடுக்க வேண்டியது. எனவே அதிலும் கரி குறைவு. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கியிருப்பார்.

அவர் தந்த துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்று காலையும் தட்டிப் பார்த்தேன். மூன்றாம் தட்டில் பொறி பறந்தது. கல்லைத்தான் புதிதாக உடைக்க வேண்டியிருந்தது.