இருமுனை வைரத்தின் பூர்வீகம்

மோதிரத்துக்கு மார்கீஸ் வைரம் தேடுகிறவர்கள் காதில் எப்படியும் விழுந்துவிடும் கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி, தன் காதலி பொம்பதூர் சீமாட்டியின் இதழ்போல ஒரு கல்லைப் பட்டை தீட்டச் சொன்னாராம். நடு அகன்று இரு முனையும் கூர்ந்த வடிவம் அப்படித்தான் பிறந்ததாம். அந்த அம்மையார் 1745-இல் மார்கீஸ் பட்டம் பெற்றது வரலாறு. ஆனால் மன்னர் அப்படி உத்தரவிட்டதற்குக் கதை சொல்பவர்கள் அக்காலத்து ஆவணம் எதையும் காட்டுவதில்லை. எனவே அரண்மனையை விட்டுவிட்டு வேறு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்த வடிவால் பட்டை தீட்டுகிறவருக்கு என்ன லாபம்?

அந்தக் கேள்வி என்னைத் திருவள்ளூர் மாவட்டத்துக்கே கொண்டுவந்தது. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை ஐரோப்பாவுக்குப் போன வைரம் ஏறக்குறைய முழுவதும் இந்திய மண்ணுடையது. கிருஷ்ணா ஆற்றங்கரைச் சுரங்கங்களின் கற்கள் விலைபோன சோழமண்டலத் துறைகளில், இந்த மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே ஏரியோரம் இருக்கும் பழவேற்காடும் ஒன்று. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களுக்குத் துணியே பெரிய சரக்கு. வைரமும் உடன் போனது. 1652-இல் அந்த வழியாகச் சென்னைக்குப் போன பிரெஞ்சு வைர வணிகர் தவேர்னியே, சுரங்கப் பகுதிப் பட்டறைகளைப் பற்றி எழுதியது முக்கியமான சாட்சி. கல் சுத்தமாக இருந்தால் நம்மவர்கள் அதைச் சாணைச் சக்கரத்தில் லேசாகக் காட்டுவதோடு சரி. எடை குறைந்துவிடும் என்று உருவத்தில் கை வைக்க மாட்டார்கள். சிறு குற்றம் இருந்தால்தான் அதை மறைக்கப் பட்டைகளை நிறைப்பார்கள்.

பட்டை தீட்டுகிறவர்கள் எடையைத்தான் பார்த்தார்கள் என்பதை மறுக்க ரீஜண்ட் வைரத்தைக் காட்டலாம். சென்னை ஆளுநர் தாமஸ் பிட் இங்கே வாங்கி அனுப்பிய அந்தக் கல் 410 காரட். லண்டனில் பட்டை தீட்டியபின் மிஞ்சியது சுமார் 140. ஒளிக்காக மூன்றில் இரண்டு பங்கை இழக்கத் துணிந்தவர்கள் எடையையா பார்த்திருப்பார்கள்? ஆனால் அரச குடும்பத்துக்கு விற்கும் கல்லில் அந்த இழப்பு கட்டுப்படியாகும், மற்றக் கற்களில் ஆகாது. நீண்ட கச்சாக் கல்லை வட்டமாக்கினால் இரு நுனியும் தூளாகப் போய்விடும். மார்கீஸ் அந்த நுனிகளைக் காப்பாற்றிக்கொண்டே பிரில்லியண்ட் பட்டைகளின் ஒளியையும் கொடுக்கிறது. சுரங்கப் பட்டறையின் சிக்கனமும் லண்டன் பட்டறையின் ஒளி ஆசையும் செய்துகொண்ட சமரசம் என்று இந்த வடிவத்தைப் படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மன்னரின் ஆசை உண்மையாகவே இருந்திருந்தாலும், அது மட்டும் ஒரு வடிவத்தை இத்தனை காலம் கடைகளில் நிறுத்தியிருக்காது.

பூர்வீகம் இதுவென்றால், கல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதிலிருந்தே கிடைக்கிறது. எடையைக் காப்பாற்ற எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதே சென்ட் எடையில் மார்கீஸ் வட்டக் கல்லைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த லாபத்தோடு, நடுவில் குறுக்கே ‘போ-டை’ எனப்படும் கரு நிழலும் வரக்கூடும். கோணம் பிசகிய பட்டைகள் வெளிச்சத்துக்குப் பதில் பார்ப்பவரின் தலைநிழலைத் திருப்பிக் காட்டுவதே அதன் காரணம். ஜிஐஏ ஆய்வகம் தரும் சான்றிதழில் ‘கட்’ தரம் வழக்கமாக வட்டக் கல்லுக்கே தரப்படுவதால், மார்கீஸைக் கண்ணால்தான் சோதிக்க வேண்டும்: கல்லைச் சாய்த்துச் சாய்த்து நிழல் விலகுகிறதா, இரு பாதியும் ஒத்திருக்கிறதா, நீளம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்குதானா, உடையக்கூடிய முனைகளுக்கு ‘வி’ வடிவக் கொக்கி உண்டா என்று. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வந்துவிட்ட பிறகு எடைக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். எடை மலிவானால், எடைக்காக ஒளியை விட்டுக்கொடுக்கவும் காரணம் இல்லை. அத்தகைய கல்லில் கரு நிழலைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். சுரங்கக் கல்லிலோ அதை விலையில் கழித்துக் கேட்கலாம்.