பிழை எண் எழுபத்தொன்று

‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71.’

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு லினக்ஸ் கணினி சொன்ன வாசகம் இது. பென் டிரைவைச் செருகினால் அதன் நுனியில் விளக்கு எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கோப்பு ஒன்றுகூடத் திரைக்கு வரவில்லை. ‘டிமெஸ்க்’ என்று தட்டினால் கர்னல் தான் கண்டதையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கும். அந்த ஒப்பிப்பின் கடைசியில்தான் இந்த எழுபத்தொன்று வந்து நின்றது.

எனக்கு இந்த மாதிரி வரிகள்மேல் தனிப் பிரியம் உண்டு. மற்ற கருவிகள் கெட்டுப்போனால் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்பதோடு வாயை மூடிக்கொள்கின்றன. இதுவோ இன்ன இடத்தில் இன்னதைக் கேட்டேன், இன்னவிதமாகப் பதில் வந்தது என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியத்தைக் காதுகொடுத்துக் கேட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

யூஎஸ்பி துளையில் ஒன்றைச் செருகும்போது நடப்பதை மெதுவாக்கிப் பார்க்க முடிந்தால் அவ்வளவு அழகாக இருக்கும். உள்ளே நான்கு பின்கள். ஓரத்து இரண்டும் ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும். நடு இரண்டும் தகவலுக்கு. செருகியில் ஓரப் பின்கள் நடுப் பின்களைவிடச் சற்று நீளம். அதனால் மின்சாரம் முதலில் தொடும், தகவல் பிறகுதான் தொடும். வந்த கருவி எதுவும் பேசாது. தகவல் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மூன்றாவது பின்னை இழுத்தால் பென் டிரைவ் போன்ற வேகமான கருவி. இரண்டாவது பின்னை இழுத்தால் கீபோர்டு, மவுஸ் போன்ற நிதானக் கருவி. கணினி உடனே நம்பிவிடாது. செருகுகிற கையின் ஆட்டம் அடங்கட்டும் என்று நூறு மில்லி செகண்ட் பொறுக்கும். பிறகு ஒரு ரீசெட். அந்த நேரத்தில் வந்தவரின் முகவரி பூஜ்யம். எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்த கருவியாக இருந்தாலும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தைக் கூப்பிட்டு ‘நீ யார்?’ என்று கேட்கும். சொல்ல வேண்டிய பதில் 18 பைட். கேட்பதோ 64 பைட். விண்டோஸ் அப்படிக் கேட்டுவந்ததால் கருவி செய்கிறவர்கள் அதற்கே பழகிப்போனார்கள். லினக்ஸும் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. பதில் ஒழுங்காக வந்தால் 1 முதல் 127 வரைக்குள் ஓர் எண் கிடைக்கும். அதன் பிறகுதான் அந்தக் கருவி இந்த வீட்டு ஆள்.

என் பென் டிரைவ் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. ‘-110’ என்று வந்திருந்தால், கேட்டேன், காத்திருந்தேன், பதில் இல்லை என்று பொருள். ‘-71’ வேறு சங்கதி. பேச்சின் ஒழுங்கே குலைந்துவிட்டது, வந்த பிட்டுகளை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியவில்லை என்று பொருள். ஆள் வந்திருப்பது தெரிகிறது, விளக்கும் எரிகிறது, பேச்சுதான் உடைகிறது. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கலாம், எங்கே இருக்க முடியாது என்பது அந்த எண்ணிலேயே கொஞ்சம் இருக்கிறது.

மதுரைக்குள் ஒரு கடையில் காட்டியபோது திரையைத் திரும்பிப் பார்க்காமலேயே ‘போர்டு மாத்தணும் சார்’ என்றார்கள். அந்தப் பதில் என்னை நெடுநாள் உறுத்தியது. இவ்வளவு விவரமாக ஒரு கருவி பேசும்போது ஒருவர் அதைக் கேட்காமல் இருக்கலாமா? அப்போதுதான் எங்கள் நீர்பாய்ச்சித் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார்.

பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் மேற்கு மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பியது. வைகையில் இறங்கி, பேரணையில் பிரிந்து, பெரிய வாய்க்காலாக வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக ஓடிக் கள்ளந்திரிக்கு வரும். அதுவரைக்கும் உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். பெரிய வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது. மடைக்குக் கீழே, எங்கள் வயல்களுக்குள் ஓடுகிற சின்ன வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி இருந்தார். அறுப்புக்கு அறுப்பு களத்தில் அளந்து போடுகிற நெல்தான் அவருக்குச் சம்பளம். தோளில் மம்பட்டி, இடுப்பில் ஒரு கைப்பிடி வைக்கோல்.

மம்பட்டி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். வைக்கோல் எதற்கென்று நான் சிறுவனாக அவர் பின்னால் நடந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கடைமடைக்காரர் வந்து ‘தண்ணி வரல’ என்று சத்தம் போடுவார். தாத்தா பதில் சொல்ல மாட்டார். ஒரு கேள்வி மட்டும் கேட்பார்: ‘வரவே இல்லையா, வந்து குறைஞ்சிருச்சா?’ வரவே இல்லை என்றால் எங்கோ அடைப்பு, அல்லது யாரோ வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். வந்து குறைந்தது என்றால் கசிவு. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவர் ஒரு அடி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் மேலே மடைக்கும் போக மாட்டார், கீழே வயலுக்கும் போக மாட்டார். நேரே நடு வாய்க்காலுக்குப் போவார். அங்கே ஒரு கல் ஊன்றியிருக்கும். கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நனைத்திருக்கிறது என்று பார்ப்பார். மட்டம் சரியாக இருந்தால் மேலே உள்ள பாதியை மறந்துவிடலாம். இல்லையென்றால் கீழே உள்ள பாதியை மறந்துவிடலாம். மிச்சப் பாதியின் நடுவுக்கு நடப்பார். அப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, பத்துப் பதினைந்தடி நீளத்துக்கு விஷயம் சுருங்கியதும் இடுப்பு வைக்கோலை உருவி, துரும்பு துரும்பாகக் கிள்ளித் தண்ணீரில் விடுவார். துரும்புகள் நேராகப் போகும், போகும், ஓரிடத்தில் ஒன்று தயங்கித் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும். அதற்கு நேர் கீழே நண்டுவளை. கையை விட்டுத் துழாவி, களிமண் உருண்டையை அதில் அழுத்தி, காலால் மிதிப்பார். வரப்பு முழுவதையும் வெட்டிப் போட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

‘டிமெஸ்க்’ தருகிற எண் கடைமடைக்காரர் சொல்கிற பதில். அதைக் கேட்டுக்கொண்டு நடுவிலிருந்து நடக்க வேண்டியதுதான் என்று நானும் தொடங்கினேன்.

முதல் சந்தேகம் மின்சாரத்தின்மேல். கையடக்கக் கருவியின் பேட்டரி 3.7 வோல்ட், அதை ஐந்தாக ஏற்றிக் கொடுக்க உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். சுமை ஏறினால் அது துவண்டுபோகலாம். தனிச் சார்ஜர் உள்ள ஹப் ஒன்றை நடுவில் வைத்தேன். இப்போது பென் டிரைவுக்கு மின்சாரம் வெளியிலிருந்து. அப்போதும் எழுபத்தொன்றே வந்தது, அதுவும் ஹப்பின் பெயரில். மின்சாரப் பாதியை மறந்துவிடலாம். அதே ஹப், அதே பென் டிரைவ் வேறொரு கணினியில் ஒழுங்காக வேலை செய்தன. வெளிப் பாதியையும் மறந்துவிடலாம். மிச்சம் இருந்தது துளையும் அதற்குப் பின்னால் ஓடுகிற இரண்டு கம்பியும். கட்டை விரலால் செருகியை லேசாக இடது பக்கம் அழுத்தினால் சில நொடி கோப்புகள் தெரிந்து மறைந்தன. துரும்பு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

யூஎஸ்பியை 1996-இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தன. இன்டெலில் அதற்கு முன்னின்று உழைத்தவர் பரோடாவில் படித்த அஜய் பட். எந்தப் பக்கமும் செருகும்படி ஏன் செய்யவில்லை என்று அவரைக் கேட்காதவர் இல்லை. கம்பியும் சர்க்யூட்டும் இரண்டு மடங்காகும், செலவும் ஏறும் என்பது அவர் சொன்ன காரணம். என்னை அதைவிட ஈர்த்தது தேய்மானக் கணக்கு. பழைய செவ்வகத் துளை 1,500 தடவை செருகிப் பிடுங்குவதைத் தாங்க வேண்டும் என்பது விதி. பின்னால் வந்த மைக்ரோ துளைக்கு 10,000. ஆனால் மைக்ரோவில் செய்த பெரிய காரியம் எண்ணிக்கை இல்லை. பிடித்துக்கொள்ளும் வில்லைத் துளையிலிருந்து எடுத்துக் கேபிளின் தலைக்கு மாற்றினார்கள். தேய்வது யாராவது ஒருவர் என்றால், அது மலிவான கேபிளாக இருக்கட்டும், விலை உயர்ந்த போனாக வேண்டாம் என்ற முடிவு அது. எத்தனையோ கோடிப் பேரின் காசை மிச்சப்படுத்திய அந்த யோசனையை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை. நான் பாராட்டுகிறேன்.

கையடக்க லினக்ஸ் கணினி என்றதும் எனக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வரும். 2001 ஏப்ரல் 25 அன்று பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்ற ஒரு கருவியை வெளியிட்டார்கள். இந்திய அறிவியல் நிறுவனத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர்காரர்களும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளையின் வேலை. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 320-க்கு 240 புள்ளியில் திரை, உள்ளே லினக்ஸ், பக்கவாட்டில் யூஎஸ்பி. சுமார் 9,000 ரூபாய் விலை வைக்க வேண்டும், எழுத்துத் தெரியாதவரும் தொட்டும் கேட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆளுக்கொன்று வாங்க முடியாத கிராமத்தில் கருவி பொதுவாக இருக்கும், அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும். வன்பொருளின் வரைபடத்தைக்கூடப் பொது உரிமத்தில் கொடுத்தார்கள். 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த அமிடா சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்ததில் ஒரு வருடத்தில் விற்றது ஏறத்தாழ நாலாயிரம்.

அதே 2001-இல்தான் எங்கள் வாய்க்காலின் ஒருபோகப் பக்கமான மேலூர் வட்டத்தில் ‘சாரி’ என்ற திட்டம் வந்தது. சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொடர்பில் கிராமத்துக்குக் கிராமம் இணைய மையங்கள். வெப் கேமராவில் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். பயன்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் நாளடைவில் பல மையங்கள் மூடிக்கொண்டன.

இரண்டும் நின்றுபோனதற்கு விலை, செல்போனின் வரவு, வருமானக் குறைவு என்று பல காரணம் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கருவி ஒரு சாயங்காலம் பேசாமல் நின்றால், நடுவிலிருந்து நடக்கத் தெரிந்த ஓர் ஆள் அந்த ஊரில் இருந்தாரா? தண்ணீரைக் கொண்டுவந்த பென்னிகுயிக்கின் படம் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தத் தண்ணீர் வயலைத் தொட்டது களத்து நெல்லுக்கு நடந்தவர்களால்.

என் கணினியைத் திறந்தது அலங்காநல்லூரிலேயே போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி. எழுபத்தொன்றின் கதையைச் சொன்னேன். அவசரப்படாமல் கேட்டுக்கொண்டான். பிறகு போர்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ட்வீசர் நுனியால் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

‘அண்ணே, இங்க பாருங்க. ரெண்டாவது பின்னச் சுத்தி வளையம் விழுந்திருக்கு. ஈயம் விட்டுப்போச்சு.’

பார்த்தேன். பளபளவென்றிருந்த மற்ற மூன்று ஈயக் குன்றுகளுக்கு நடுவே அது மட்டும் மங்கி, பின்னின் அடியில் மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம். பென் டிரைவ் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கருவியைப் பிடிக்கும் கை ஒவ்வொரு தடவையும் அதை நெம்பியிருக்கிறது. எழுபத்தொன்று சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. மூன்றாவது பின் நன்றாக இருந்ததால் வந்த கருவி இழுத்துப் பிடித்தது கணினிக்குத் தெரிந்தது. இரண்டாவது பின் ஆடியதால், இரண்டு கம்பியும் எதிரெதிராகச் சேர்ந்து பேச வேண்டிய பேச்சு உடைந்தது.

‘ஜம்பர் போட வேணாம்ணே. ட்ராக் நல்லாத்தான் இருக்கு’ என்றான். ஒரு சொட்டு ஃப்ளக்ஸ், அயர்ன் நுனியால் ஒரு தொடுகை, கொஞ்சம் புது ஈயம். மல்டிமீட்டர் பீப் அடித்தது. பென் டிரைவைச் செருகியதும் ‘நியூ ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ என்ற வரி வந்து, கோப்புகள் அடுக்கடுக்காக விழுந்தன.

அவனுக்கு வேலை முடிந்ததைவிட அந்த வரி பிடித்துப்போனது. ‘இது எல்லா மெஷினுக்கும் சொல்லுமாண்ணே?’ என்று கேட்டான். கடையில் கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கருவியையும் அதில் செருகி அது சொல்வதைக் கேட்கலாம். எண்களையும் தமிழில் எழுதித் தந்தேன்: -71 பேச்சு உடைகிறது, -110 பதிலே இல்லை, -32 கேட்டதைச் செய்ய மறுக்கிறது, -19 இருந்த ஆள் போய்விட்டார்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. ஒரு மளிகைக் கடையின் பில் பிரிண்டர் வந்திருக்கிறதாம். ‘நூத்திப்பத்துண்ணே. கேபிள் மாத்திட்டேன், அடாப்டர் மாத்திட்டேன், அதுவரைக்கும் பழுதில்ல. இனி போர்டுக்குள்ள போகணும். நீங்க வர்றீங்களா, நானே பாத்துரவா?’

நீயே பார் என்றேன்.